பதுவை நகரத்துக் கடன்கள்

இத்தாலிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு எங்கள் தெரு மூலை வீட்டு அம்மாள் வந்தார். வெளிநாடு போகிறவனின் பெட்டியைக் கண்டால் நம் பெண்மணிகளுக்கு ஊறுகாய் ஞாபகம் வந்துவிடும் அல்லவா? "பெட்டியிலே இடமில்லையே, அம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அம்மாள் கொண்டு வந்தது ஊறுகாய் அல்ல. புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஓர் ஐம்பது ரூபாய் நோட்டை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, நீ போற வெனிஸுக்குப் பக்கத்திலேதான் பதுவை இருக்காம். எங்க பங்குச் சாமியார் சொன்னார். அங்கே அந்தோணியார் கோயில்லே இதைப் போட்டுடு."

"அம்மா, அங்கே நம்ம ரூபாய் செல்லாதே! அந்த ஊர்ப் பணமாக மாற்றிப் போட்டுவிடட்டுமா?"

"மாத்தாதேப்பா. இதையேதான் போடணும். கடன்னா கடன்தான். செல்லுமா செல்லாதாங்கறது அவர் பாடு!"

விஷயம் இதுதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அம்மாளின் பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணுக்குப் போட வேண்டிய இரட்டை வடச் சங்கிலி அடகுக்கடையில் இருந்தது. பணத்தைப் புரட்டிக்கொண்டு மீட்கப் போகலாம் என்று பார்த்தால் அடகுச் சீட்டைக் காணோம். சீட்டு இல்லாமல் நகை இல்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள். காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துக் கொடுப்பதில் அந்தோணியாருக்கு நிகர் யார்? அம்மாள் மனமுருகி வேண்டினார். மாலையில் ரேஷன் கார்டு உறைக்குள் சீட்டு அகப்பட்டது.

"உள்ளூர்க் கோயில்லேயே போடறேன்னு வேண்டியிருக்கலாம். பதட்டத்திலே வாய் தவறி, பதுவைக்கே அனுப்பறேன்னு சொல்லிட்டேன். பதினொரு வருஷமா உறுத்துது" என்றார்.

நோட்டை என் பையில் தனியாக வைத்துக்கொண்டேன். தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்குத்தான் எத்தனை உறவுகள்! வட்டிக் கடன், கைமாற்றுக் கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன். பெற்றவர்களுக்குப் பிள்ளை செய்வதும் கடன்தான். அந்த நோட்டைச் சுமந்துகொண்டு போனதாலோ என்னவோ, பதுவை நகரத்தில் நான் பார்த்த கோயில், கோபுரம், சித்திரம் எல்லாமே யாரோ பட்ட கடனாகவும், யாரோ தீர்த்த கடனாகவுமே எனக்குத் தெரிந்தன.

வெனிஸிலிருந்து ரயிலில் அரை மணிப் பிரயாணம். இத்தாலியர்கள் பாதோவா என்கிறார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் பாடுவா. நம் நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பதுவை. மூன்றிலும் நம்முடையதுதான் காதுக்கு இனிமை என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு: பெயரில்லாத மகான், புல்லில்லாத புல்வெளி, கதவில்லாத காப்பிக்கடை! மகானுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளூர்க்காரர்கள் அந்தோணியார் என்று சொல்லமாட்டார்கள். 'இல் சாந்தோ', அதாவது 'மகான்', அவ்வளவுதான். நம் ஊரில் 'பெரியவர்' என்றால் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறதே, அதைப்போல. காப்பிக்கடை 1831-ல் திறந்த பெத்ரோக்கி. 1916 வரை இரவு பகல் அது மூடப்படவே இல்லை. புல்வெளி என்பது 78 கற்சிலைகளும் வட்ட வாய்க்காலுமாக ஊர்க்கோடியில் கிடக்கும் பெரிய மைதானம். இப்போது அதில் புல் நன்றாகவே முளைத்திருக்கிறது. பழமொழியை மாற்றத்தான் யாருக்கும் மனம் வரவில்லை!

ரயிலடியிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஒரு தோட்டம். அதற்குள் செங்கல்லால் கட்டிய ஒரு சின்னக் கோயில். வெளியிலிருந்து பார்த்தால், "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று தோன்றும். பழைய காலத்து நெற்களஞ்சியம் மாதிரி இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே சீட்டுப் பதிவு செய்யாதவர்களுக்கு உள்ளே பிரவேசம் இல்லை. ஒரு தடவைக்கு 25 பேருக்குமேல் விடுவதில்லை. அந்த 25 பேரையும் முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நம் உடம்பின் ஈரமும் தெருத் தூசியும் உள்ளே போய்ச் சித்திரங்களைக் கெடுத்துவிடக் கூடாதாம். பிறகு ஒரு கதவு திறக்கிறது. கோயிலுக்குள் நமக்குக் கொடுக்கும் நேரமும் கால் மணிதான்.

தலை நிமிர்ந்தேன். மேலே வானம்! ஆழ்ந்த நீலம். அதில் வரிசை வரிசையாகப் பொன் நட்சத்திரங்கள். கீழே, நான்கு சுவர்களிலும் ஓர் அங்குலம் விடாமல் சித்திரம். 1303-லிருந்து 1305-க்குள் ஜியோட்டோ என்ற சித்திரக்காரர் தம் உதவியாளர்களோடு வரைந்தவை. ஈரத் தரையில் போட்ட மாக்கோலம் உலர்ந்த பிறகு எப்படி அழுத்தமாகப் பிடித்துக்கொள்கிறது! அதே தத்துவந்தான். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வர்ணத்தைத் தீட்டிவிட்டால், காய்ந்ததும் வர்ணம் சுவரோடு சுவராகிவிடும். அன்றன்று வரையக் கூடிய அளவுக்கே அன்றன்று பூச வேண்டும். தப்பாகப் போனால் கொத்திவிட்டு மறுபடியும் பூச வேண்டியதுதான்.

இந்தக் கோயில் எழுந்த கதை வட்டியில் ஆரம்பிக்கிறது. ரெஜினால்டோ ஸ்க்ரொவேனி என்று ஒரு லேவாதேவிக்காரர் இந்த ஊரில் இருந்தார். அந்தக் காலத்துத் திருச்சபை, பணத்தை வட்டிக்கு விடுவதை மகா பாவம் என்று சொல்லிற்று. வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் கண்ணை மூடினால் புண்ணிய பூமியில் அடக்கம்கூட மறுக்கப்படும். மகாகவி தாந்தே தம்முடைய காவியத்தில், நரகத்துச் சுடுமணலில் கழுத்தில் பணப்பை தொங்க உட்கார்ந்திருக்கும் வட்டிக்காரர்களைக் காட்டுகிறார். அவர்களில் ஒருவரின் பையில் நீலநிறச் சினைப்பன்றி முத்திரை. அது ஸ்க்ரொவேனி குடும்பத்து முத்திரை! பெயர் சொல்லாமலே ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

தகப்பனார் பெயர் இப்படி நாறினால் பிள்ளை என்ன செய்வான்? மகன் என்ரிகோ ஸ்க்ரொவேனி 1300-ல் இந்த இடத்தை வாங்கி, பக்கத்தில் மாளிகையும் கட்டிக்கொண்டு, கன்னி மரியாளுக்கு இந்தக் கோயிலை எழுப்பினார். 1305 மார்ச் 25-ந் தேதி பிரதிஷ்டை நடந்தது. தகப்பனாரின் பாவத்தைக் கழுவத்தான் கட்டினார் என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். வெறும் டம்பத்துக்குத்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. 1305-ஆம் வருஷம் ஜனவரியிலேயே பக்கத்து மடத்துத் துறவிகள் பிராது கொடுத்துவிட்டார்கள்: "வீட்டாருக்கு ஒரு சிறு ஜபக்கூடம் என்றுதான் அனுமதி. இவரோ மணிக்கூண்டு எழுப்புகிறார்! இது தெய்வ பக்தி அல்ல, வீண் ஆடம்பரம்" என்று. அண்டை வீட்டுச் சுவர்த் தகராறு எந்த யுகத்திலும் உண்டு போலும்.

ஆனால் சுவரிலிருக்கும் சித்திரங்களைப் பார்த்தால், என்ரிகோவின் மனத்தை ஏதோ அரித்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றிற்று. வாசலுக்கு மேலே கடைசித் தீர்ப்பு நாள். ஒரு பக்கம் நரகம். அங்கே சில பாவிகள் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்குப் போட்டுத் தொங்குகிறார்கள். மறுபக்கத்தில், மோட்சத்துக்குப் போகிறவர்களின் வரிசைக்கு அடியில், ஊதா அங்கி அணிந்து முழந்தாளிட்டிருப்பவர் சாட்சாத் என்ரிகோ. கோயிலின் சிறு உருவத்தை மரியாளிடம் சமர்ப்பிக்கிறார். பிரசாதத் தட்டை நீட்டுவது போல அல்ல. பாக்கியைச் செலுத்திவிட்டு ரசீதுக்குக் காத்திருப்பவர் போல இருக்கிறது அந்த முகம்.

எதிர்ப்புறம், பலிபீடத்துக்கு மேலே வளைவின் இடது பக்கம், யூதாஸ் காசுப் பையை வாங்கிக்கொள்கிறான். அவன் தோளுக்குப் பின்னால் கன்னங்கரேல் என்று சாத்தான். அதற்கு நேராக வளைவின் வலது பக்கம் பாருங்கள்: மரியாளும் எலிசபெத்தும். இரண்டு கர்ப்பவதிகள் ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் பை நிறையக் காசு. அந்தப் பக்கம் வயிறு நிறைய வாழ்வு. வளைவின் இரண்டு புறத்திலும் நிறுத்தி வைத்து, "எது வேண்டும்?" என்று கேட்பது போல இருக்கிறது.

நம் வாசகிகள் பார்க்க வேண்டியது வலது சுவரின் மேல் வரிசை. மரியாளின் தாய் தந்தையரான அன்னாளும் யோவாக்கிமும் வெகு நாள் பிள்ளையில்லாதவர்கள். பிள்ளையில்லாதவன் காணிக்கை செலுத்த வந்தான் என்று யோவாக்கிமைக் கோயிலிலிருந்தே வெளியே தள்ளுகிறார்கள். அவர் வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு, தலை குனிந்துகொண்டு ஆட்டிடையர்களிடம் போய் நிற்கிறார். வீட்டில் அன்னாள் தனியாக மண்டியிட்டு அழுகிறாள். அறைக்கு வெளியே வேலைக்காரி நூல் நூற்றுக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள்! கடைசியில் நற்செய்தி கேட்டு இருவரும் நகர வாசலில் சந்திக்கிறார்கள். அன்னாள் கிழவரின் முகத்தை இரு கையாலும் ஏந்திக்கொள்கிறாள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் தீட்டிய கைகள். பிள்ளை இல்லையென்று நாலு பேர் முன்னால் பேச்சுக் கேட்டவர்களுக்கு அந்தக் கைகள் என்ன சொல்கின்றன என்பதை நான் எழுதத் தேவையில்லை.

சுவரின் அடி வரிசையில் வர்ணமில்லாமல், கற்சிலை போலவே தீட்டிய பதினான்கு உருவங்கள்: ஏழு நற்குணம், ஏழு துர்க்குணம். பொறாமை என்பவளின் வாயிலிருந்து ஒரு பாம்பு புறப்பட்டு, வளைந்து அவள் கண்ணையே கொத்த வருகிறது. கையில் ஒரு பையை இறுகப் பிடித்திருக்கிறாள், காலடியில் தீ. ஈகை என்பவளோ காசு மூட்டைகளை மிதித்துக்கொண்டு, பழக்கூடையும் கையுமாக நிற்கிறாள். வட்டிப் பணத்தில் கட்டிய கோயிலில் காசு மூட்டைக்கு இந்த மரியாதை!

கால் மணி முடிந்து மணி அடித்தது. வெளியே வந்து ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தேன். மனத்தில் ஒரு கேள்வி. என்ரிகோ தெய்வத்துக்குக் கோயில் கட்டினார். சரி. வட்டி கட்டியவர்களுக்கு? வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்கள், தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் கொடுத்த பெண்கள், இவர்கள் யாராவது அந்தச் சுவரில் இருக்கிறார்களா? நான் தேடிய வரையில் ஒருவரும் இல்லை. ஆனால் காலம் ஒரு கணக்கு வைத்திருந்தது. என்ரிகோவின் மாளிகை 1827-ல் இடிக்கப்பட்டு மண்ணோடு மண்ணாயிற்று. பல கை மாறிய கோயிலை 1881-ல் பதுவை நகரசபை வாங்கிவிட்டது. அன்று வட்டி கட்டியவர்களின் சந்ததிகளுக்கே கோயில் சொந்தம் இப்போது. அதற்கும் அவர்கள் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்!

கல்லெறியும் தூரத்தில்தான் பிராது கொடுத்த துறவிகளின் எரெமிதானி தேவாலயம். அங்கே ஒரு விதவையின் கதை இருக்கிறது. ஓவெதாரி என்ற ஒரு பத்திரப் பதிவுக்காரர் 1443-ல் எழுதிய உயிலில், இங்கே தம் குடும்பத்துச் சிறு கோயிலுக்குச் சித்திரம் தீட்ட 700 பொன் டுகாட் ஒதுக்கியிருந்தார். அதை நிறைவேற்றும் பொறுப்பு மனைவி இம்பெராத்ரீசேயின் தலையில் விழுந்தது. அந்தப் பெயருக்குப் பேரரசி என்று அர்த்தம். பெயருக்கேற்ற அம்மாள்தான்! 1448-ல் வேலைக்கு அமர்த்தியவர்களில் ஒருவர், பதினேழு வயதே ஆன மந்தேனியா. மற்றவர்கள் விலகியும் இறந்தும் போக, பெரும்பகுதியை முடித்தவர் அந்த இளைஞர்தான். வேலை முடிந்ததும் அம்மாள் எண்ணிப் பார்த்தார். மரியாள் விண்ணுக்கு எழும் காட்சியில் சீடர்கள் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். இருந்தது எட்டே பேர்! உடனே 1457-ல் வழக்குத் தொடுத்துவிட்டார். குறுகிய சுவரில் அத்தனை பேர் நிற்க இடம் ஏது என்று சித்திரக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். அம்மாளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. புருஷன் விட்டுப்போன பணம். அவர் விட்டுப்போன கடமை. படி அரிசிக்கு ஆழாக்குக் குறைந்தால் கேட்கமாட்டோமா?

1944-ஆம் வருஷம் மார்ச் 11-ந் தேதி நேச நாட்டு விமானங்கள் இந்த ஊரின்மேல் குண்டு வீசின. எரெமிதானி தேவாலயத்தில் விழுந்தது. மந்தேனியாவின் சுவர்கள் ஒரு நிமிஷத்தில் சுண்ணாம்புத் தூளாயின. கூப்பிடு தூரத்தில் இருந்த ஜியோட்டோவின் வானம் தப்பியது. எந்தச் சுவர் பிழைக்கிறது, எது போகிறது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது? ஆனால் ஜனங்கள் விட்டுவிடவில்லை. இடிபாட்டைச் சலித்து, வர்ணம் ஒட்டிய துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டிகளில் சேர்த்து வைத்தார்கள். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். பல, கைவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரியவை. அரை நூற்றாண்டுக்கும் மேல் அவை காத்திருந்தன. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோக்களோடு ஒவ்வொரு துண்டையும் ஒப்பிட்டு, அதனதன் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் அவை மீண்டும் சுவரேறின. சாம்பல் நிறப் படத்தின் நடுவே இங்கொரு கண், அங்கொரு செருப்புக்கால், ஓர் ஆடை மடிப்பு மட்டும் வர்ணத்தில் மின்னுகின்றன.

முழுசாகத் தப்பியது எது தெரியுமா? குண்டு விழுவதற்கு வெகு நாள் முன்பே ஈரம் தாக்குகிறது என்று சுவரிலிருந்து பெயர்த்து எடுத்து வைத்திருந்த சில படங்கள். அவற்றில் ஒன்று, அம்மாள் கோர்ட்டுக்கு இழுத்த அந்த எட்டுச் சீடர்கள்! இன்றும் எட்டுப் பேர்தான். நானும் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

மத்தியானம் கடைவீதிக்குப் போனேன். ஊர் நடுவில் பெரிய நீதிஸ்தலக் கட்டடம். 'பலாஸ்ஸோ தெல்லா ரஜியோனே' என்கிறார்கள். 1218-ல் ஆரம்பித்த வேலை. இன்றும் கீழே இறைச்சிக் கடையும் பாலாடைக்கட்டிக் கடையும், இருபுறத்திலும் காய்கறி மார்க்கெட்டும் பழ மார்க்கெட்டும். மேலே ஒரே ஹால்: சுமார் 80 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கவிழ்த்து வைத்த கப்பல் மாதிரி மரக்கூரை. இங்கேயும் ஜியோட்டோ வரைந்திருந்தாராம். 1420-ல் பிடித்த தீயில் எல்லாம் போய், மறுபடி வேறு சித்திரக்காரர்கள் கிரகங்கள், ராசிகள், பன்னிரண்டு மாதத்து வேலைகள் என்று தீட்டினார்கள். மேலே நவக்கிரகம், கீழே கத்தரிக்காய் பேரம்! நம் ஊர்க் கோயில் வாசல் போல எனக்குச் சொந்தமாகத் தோன்றிவிட்டது.

அந்த ஹாலின் ஒரு மூலையில் கறுப்பாக ஒரு கல். 'அவமானக் கல்' என்று பெயர். கடனைக் கொடுக்க முடியாமல் கையை விரித்தவர்களை இங்கே கொண்டு வருவார்களாம். மேலாடைகளைக் களைந்து, உள்ளாடையோடு நிறுத்தி, குறைந்தது நூறு பேர் பார்க்க, மூன்று தடவை அந்தக் கல்லில் உட்கார்ந்து எழச் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும், "என் சொத்தையெல்லாம் விட்டுக் கொடுத்தேன்" என்று லத்தீனில் சொல்ல வேண்டும். பிறகு ஊரை விட்டே போய்விட வேண்டும். அனுமதியில்லாமல் திரும்பி வந்தால் மறுபடியும் கல். இந்தத் தடவை தலையில் மூன்று வாளித் தண்ணீரும் உண்டு! நம் பாஷையில் சொன்னால், மஞ்சள் கடுதாசி கொடுக்கும் சடங்கு.

என்னோடு வந்த வெள்ளைக்கார யாத்ரிகர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெரியப்பா ஜவுளிக்கடை வைத்து நொடித்துப்போனவர். மஞ்சள் கடுதாசி கொடுத்த பிறகு அவர் கடைவீதி வழியாகப் போனதே இல்லை. ரயிலடிக்குப் போவதென்றாலும் குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு, மழையில்லாத நாளிலும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போவார். எங்கள் ஊரில் கல் எதுவும் இல்லை. ஊரே கல்லாக இருந்தது.

ஆனால் இந்தக் கல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. அதற்கு முன்பெல்லாம் கடனைக் கொடுக்காதவனைச் சிறையில் போட்டால் போட்டதுதான். கடன் தீரும்வரை உள்ளேயே கிடக்க வேண்டும். உள்ளே கிடப்பவன் எப்படிச் சம்பாதித்துத் தீர்ப்பான்? 1231-ல் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் இந்த ஊரில் தினமும் பிரசங்கம் செய்த ஒரு துறவி, இது அநியாயம் என்று வாதாடினார். அந்த மார்ச் மாதமே நகரசபை சட்டத்தைத் திருத்திற்று: சொத்தை ஒப்படைத்துவிட்டால் ஆளைச் சிறையில் வைக்கக் கூடாது. அந்தத் துறவியின் வேண்டுகோளின்படி என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. துறவியின் பெயர் அந்தோணி. கல்லில் உட்காருவது அவமானந்தான். ஆனால் எழுந்து நடந்து போகலாமே!

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஊர்ப் பெரிய கோயில். அதை ஒட்டினாற்போல ஞானஸ்நான மண்டபம். இது ஒரு பெண்மணியின் உபயம். நகரத்தை ஆண்ட கர்ராரா பிரபுவின் மனைவி ஃபீனா, தம் சொந்தப் பணத்தில் ஜூஸ்தோ என்ற சித்திரக்காரரைக் கொண்டு 1370-களில் இந்த மண்டபத்தைத் தீட்டச் செய்தார். அண்ணாந்தால் மோட்ச லோகம். மத்தியில் இயேசுநாதர், சுற்றிச் சுற்றி வட்டம் வட்டமாகப் பரிசுத்தவான்கள். ஸ்நாபக அருளப்பர் பிறந்த வீட்டுக் காட்சியில், பிரசவ அறைக்குப் பிள்ளை பார்க்க வந்தவர்கள் போல நிற்பவர்கள் ஃபீனாவும் அவருடைய பெண்களுமாம்! ஃபீனாவுக்கு மூன்று பெண்களும் ஒரு பிள்ளையும். வெகு நாள் காத்துப் பிள்ளை பெற்ற எலிசபெத்தின் வீட்டில் போய் நிற்க அவர் ஆசைப்பட்டது நன்றிக்கடனாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. 1378-ல் அவர் காலமாகி இங்கேயே அடக்கமானார். 1405-ல் வெனிஸ்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு சமாதியை உடைத்துவிட்டார்கள். சுவரில் இருக்கும் ஃபீனாவை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பக்கத்துப் பெரிய கோயிலில்தான் 1678 ஜூன் 25-ந் தேதி எலெனா கொர்னாரோ என்ற பெண்மணி சர்வகலாசாலையின் டாக்டர் பட்டம் பெற்றார். 1222-ல் ஏற்பட்ட பதுவை சர்வகலாசாலையில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் பெற்றதில்லை. கேட்க வந்த கூட்டம் சர்வகலாசாலை மண்டபத்தில் அடங்காமல் கோயிலுக்கு வந்ததாம். அந்த அம்மாள் கேட்டது தேவ சாஸ்திரப் பட்டம். பெண்ணுக்கு அது கூடாது என்று மேற்றிராணியார் மறுத்ததால், தத்துவத்தில் கொடுத்தார்கள். ஊரார் அந்தப் பெண்ணுக்கு வைத்த பாக்கி அது. இன்னும் தீரவில்லை.

சாயங்காலம் மகானின் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வெளியே தொனாடெல்லோ செய்த வெண்கலக் குதிரை வீரன், 1453-லிருந்து அங்கே காவல் நிற்கிறான். கோயிலுக்கு வெனிஸ் நகரத்து மாதிரிக் குவிமாடங்கள். ஊசி ஊசியாக மணிக்கூண்டுகள். லிஸ்பனில் பிறந்த அந்தோணியார், சட்டம் திருந்திய மூன்றாம் மாதமே, 1231 ஜூன் 13-ந் தேதி, முப்பத்தாறு வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். ஒரு வருஷம் முடியுமுன்பே போப்பாண்டவர் அவரைப் பரிசுத்தவானாக அறிவித்துவிட்டார். 1232-லேயே கோயில் வேலை ஆரம்பம். அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நம் ஊர்களில் அந்தோணியாருக்குச் செவ்வாய் விசேஷமாக இருப்பது எதனால் என்று இப்போது தெரிகிறதல்லவா?

உள்ளே பெரிய பலிபீடத்தில் தொனாடெல்லோவின் வெண்கலத் தகடுகள் நான்கு. மகானின் நான்கு அற்புதங்கள். ஒன்றில், மனைவியைச் சந்தேகித்த ஒரு கணவனுக்கு முன்னால், பிறந்த சிசு வாய் திறந்து, "இவர்தான் என் தகப்பன்" என்று சாட்சி சொல்கிறது. பெற்றவள் சொல்லை நம்பாதவனுக்குப் பச்சைக் குழந்தை வந்து பேச வேண்டியிருக்கிறது! இன்னொன்று, ஒரு கருமி வட்டிக்காரனின் சாவு. "இவன் நெஞ்சைத் திறந்து பாருங்கள், இருதயம் இருக்காது" என்றாராம் அந்தோணியார். அப்படியே இல்லை. வீட்டுக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தால், காசுகளுக்கு நடுவே இருதயம்! காலையில் பார்த்த என்ரிகோவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. இந்தக் கதையை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பாரோ? கேட்டுவிட்டு இரவில் எப்படித் தூங்கினாரோ?

இடது பக்கத்தில் சமாதி. சுற்றிலும் ஒன்பது பளிங்குச் சிற்பங்கள். ஆனால் அங்கே யாரும் சிற்பத்தைப் பார்ப்பதில்லை. வரிசையாக வந்து, சமாதியின் பின்புறப் பளிங்கில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் போட்டோக்கள், கடிதங்கள்: தொட்டில் குழந்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கிழவர், பட்டம் வாங்கிய பையன். கேட்டதும் பெற்றதுமான கணக்குகள். கோடி கைகள் பட்டு வழவழத்த அந்தக் கல்லில் என் கையையும் வைத்தேன். இதுவும் கல்தான். கடைவீதியில் பார்த்ததும் கல்தான். கடன்பட்டவனை அங்கே உட்கார வைத்து எழுப்பினார்கள். இங்கே அவன் தானே வந்து சாய்ந்துகொள்கிறான். பெரியப்பா ஒரு தடவை இங்கே வந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பது ரூபாயை உண்டியலில் போட்டேன். யூரோ நாணயங்களின் மேல் காந்திஜி மெதுவாக விழுந்தார்.

2021-ல் ஸ்க்ரொவேனி கோயில், எரெமிதானி, நீதிஸ்தலம், ஞானஸ்நான மண்டபம், மகானின் கோயில் எல்லாவற்றிலுமுள்ள பதினான்காம் நூற்றாண்டுச் சுவர்ச் சித்திரங்களையும் உலகப் பாரம்பரியச் சொத்து என்று யுனெஸ்கோ ஸ்தாபனம் அறிவித்தது. அப்படியானால் அவற்றைக் காப்பாற்றும் கடனில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கண்ணாடி அறையில் கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருப்பது நாம் கட்டும் தவணை.

ஊர் திரும்பிய மறுநாள் அம்மாள் வீட்டுக்குப் போய் விவரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போட்டப்போ மடிச்சுப் போட்டியா, விரிச்சா?" என்றார். "மடித்துத்தான்" என்றேன். பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! இனிமே உங்களுக்கும் அவருக்கும் கணக்கு நேர், இல்லையா அம்மா?"

அம்மாள் சற்றுத் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேத்திக்குப் பரீட்சை வருதே, தம்பி. நீ ஊர்லே இல்லாதப்போ இன்னொண்ணு நேர்ந்துட்டேன்" என்றார்.

"பதுவைக்கா?"

"சேச்சே! இந்தத் தடவை நம்ம ஊர்க் கோயில்தான். எனக்குப் புத்தி வந்துடுத்தே!"